பெரியவங்களுக்குத் துணி டயப்பர்: எது வாங்க, எப்படி உணக்க, யாரு தொவைக்க?

மக்கா, சாப்பிட்டுட்டு இருந்தீங்கன்னா முடிச்சிட்டு வந்து படிங்க. மூத்திரம், தீட்டம், தொவைக்கிறது, உணக்குறது - இன்னைக்குப் பதிவுல இவ்வளவுதான் விசயம். சினிமா விமர்சனம், அரசியல், கவிதைன்னு தேடி வந்தவங்க அடுத்த பதிவுக்கு வந்துக்கிடலாம், கோவிச்சுக்க மாட்டேன் :-)

இதை எதுக்கு எழுதணும்னு கேட்டா, நம்ம வயசு அப்படி. வலையில ராத்திரி பகல் பாக்காம சண்டை போட்டுத் திரிஞ்ச காலத்துல நமக்கெல்லாம் முப்பது வயசு. இப்ப அம்பது. அப்ப அப்பா அம்மாவுக்கு எம்பது. பழைய பதிவுலக நண்பர்கள் யாரு போன் பண்ணாலும் பத்து நிமிசம் கழிச்சு பேச்சு அங்கதான் வந்து நிக்குது. "அப்பாவுக்கு இப்ப டயப்பர்தாண்டே..." அப்படின்னு குரலைத் தாழ்த்திச் சொல்லுவான். ஏதோ கொலை பண்ணிட்டு வந்தவன் மாதிரி. அடுத்த கேள்வி, "துணியில ஒண்ணு வருதாமே, தொவைச்சுத் தொவைச்சு போடலாமாமே, அது கொள்ளாமா?"

ஒவ்வொருத்தனுக்கா போன்ல சொல்லி வாய் வலிக்குது. எங்க வீட்டுல அப்பா மூணு வருசத்துக்கு மேல படுக்கையில கிடந்தாரு. அந்த அனுபவமும், அதுக்காகத் தேடிப் படிச்சதும் சேத்து இங்க எழுதி வச்சிருதேன்.

என் கட்சியை முதல்லயே சொல்லிருதேன். வீட்டுக்குள்ள, பகல்ல, துணி. பயணம், ஆஸ்பத்திரி, வயித்துப்போக்கு, ஆள் இல்லாத ராத்திரி - இதுக்கெல்லாம் கடையில விக்கிற தூக்கிப்போடுறது. ரெண்டையும் கலந்துதான் வச்சுக்கிடணும். ஆனா துணிக்கு மாறும் முன்னால "யாரு தொவைக்க?" என்ற கேள்விக்கு நேர்மையான பதில் வேணும். அந்தப் பதில் "அதான் வீட்டுல பொம்பளைங்க இருக்காங்கல்லா" அப்படின்னா, ஐயா சாமி, துணியே வேண்டாம். ஏன்னு பின்னால சொல்றேன்.

டயப்பருக்கு முன்னால

வயசானா ஒழுகத்தான் செய்யும்னு நம்மாளு முடிவே பண்ணி வச்சிருக்கான். அப்படி இல்ல. மூத்திரத்துல கிருமி இருந்தா ஒழுகும். ஆம்பிளைகளுக்கு புராஸ்டேட் வீங்கினா ஒழுகும். சர்க்கரை ஏறினா, பிரஷருக்குக் கொடுக்கிற மூத்திரம் போக்குற மாத்திரையை ராத்திரி முழுங்கினா, ஏன், மலச்சிக்கல் முத்தி அடைச்சுக்கிட்டாக்கூட மூத்திரம் ஒழுகும். அடைச்ச மலத்தைச் சுத்தி தண்ணியா வழியிறதைப் பாத்துட்டு பேதின்னு நெனைச்சு பேதிக்கு மருந்து கொடுக்கிற கூத்தும் நடக்கும். இதுல பாதிக்கு மேல வைத்தியம் உள்ள சங்கதி. அதனால முதல் வேலை டாக்டர். டயப்பர் கடை அதுக்கப்புறம்தான்.

ரெண்டாவது, பல பெரியவங்களுக்கு ஒழுகுறதே இல்ல. பாத்ரூம் போய்ச் சேர முடியல, அவ்வளவுதான். நம்ம ஊர் பழைய வீடுகள்ல கக்கூஸ் புறவாசல்ல, தென்னை மூட்டுக்கு அந்தப்பக்கம் இருக்கும். முட்டு வலிக்கிற மனுசி படி இறங்கி, திண்ணை தாண்டிப் போய்ச் சேரதுக்குள்ள ஆயிருது. அவங்களுக்குத் தேவை கட்டில் பக்கத்துல ஒரு கமோடு நாற்காலி. ஆம்பிளைக்கு ஒரு யூரின் கேன். ரெண்டு மணிக்கூருக்கு ஒருக்க நாமளே "போலாமா?"ன்னு கேட்டுக் கூட்டிட்டுப் போனா பாதி ஈரம் குறையும். எந்திரிச்சு உக்கார முடியிற ஆளுக்கு நம்ம சவுகரியத்துக்காக டயப்பர் மாட்டி விட்டா, ஆறு மாசத்துல அந்த ஆளு எந்திரிக்கவே மறந்துருவாரு. இது எங்க தெருவுலயே பாத்தது.

மூணாவது, தண்ணி. நனைஞ்சிரும்னு பயந்து சாயங்காலத்துக்கு மேல தண்ணி குடிக்காத பாட்டிமார் எத்தனை பேரு! தண்ணி குறைஞ்சா மூத்திரம் கெட்டியாகும், நாத்தம் கூடும், எரியும், கிருமி வரும், இன்னும் ஒழுகும். ராத்திரி கிடக்கப் போறப்ப கொஞ்சம் குறைக்கலாம். பகல் முழுக்க வாயைக் கட்டக்கூடாது.

துட்டுக் கணக்கு

இதெல்லாம் செய்தும் வேணும்னு ஆச்சுன்னா கணக்கைப் பாப்போம். பெரியவங்களுக்கான டயப்பர் ஒண்ணு 40 ரூவான்னே வைங்க. நாளைக்கு நாலு. 160 ரூவா. மாசம் 4800. தமிழ்நாட்டுல முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்டுல 1000-லேர்ந்து 1200 ஆச்சு. 1200 ரூவாய்க்கு இந்தக் கணக்குப்படி எத்தனை நாளைக்கு டயப்பர் வாங்கலாம்? ஏழரை நாளைக்கு. ஏழரைன்னு நக்கலுக்குச் சொல்லல, வகுத்தா அதான் வருது.

இதனால என்ன நடக்கும்? நாலு மாத்த வேண்டிய இடத்துல ரெண்டு மாத்துவாங்க. "இன்னும் நிறையலல்லா, இருக்கட்டும்." மூத்திரம் தோல்மேல கிடந்தா அமோனியா ஆகி தோலை அரிக்கும். கூட மலமும் சேந்தா ஒரே நாள்ல இடுப்பும் தொடையும் செவந்து உரிஞ்சிரும். அது மேலயே படுத்துக் கிடந்தா படுக்கைப் புண்ணு. படுக்கைப் புண்ணு வந்த ஆளோட வீட்டுல ஒருநாள் இருந்து பாருங்க, இந்த நாப்பது ரூவாய் மிச்சம் பிடிச்சதோட உண்மையான விலை தெரியும்.

அரசாங்கம் என்ன செய்துன்னு கேப்பீங்க. சானிட்டரி நாப்கினுக்கு 2018 ஜூலையிலயே ஜி.எஸ்.டி.யை எடுத்துட்டாங்க. நல்ல காரியம், பொம்பளைங்க போராடி வாங்கினது. கிளினிக்கல் டயப்பருக்கு 12 சதவீதம் அப்படியே கிடந்தது. 2025 செப்டம்பர் 22-லதான் அது 5 ஆச்சு. ஏழு வருசம். கிழவங்களுக்காகப் போராட ஆளு இல்ல. கிழவங்களே போராடவும் முடியாது, அவங்களுக்கு வெளிய வரவே வெக்கம்.

மக்கா, அது மக்காது

தூக்கிப்போடுற டயப்பர்ல உள்ள இருக்கிறது மரக்கூழும், தண்ணியை உறிஞ்சி ஜெல்லி ஆகிற ஒரு வேதிப்பொடியும். வெளிய பிளாஸ்டிக். பெரியவங்களோடது ஒண்ணு நனைஞ்சா ஒரு கிலோவுக்குப் பக்கத்துல வரும். நாளைக்கு நாலு. நீங்களே கணக்குப் போடுங்க.

இதை எங்க போடுதோம்? எரிக்கப் பாப்பாங்க. எரியாது, உள்ளுக்குள்ள அம்புட்டும் தண்ணி. பிளாஸ்டிக் மட்டும் உருகிப் புகையும். தென்னை மூட்டுல குழி தோண்டிப் புதைப்பாங்க. நாய் தோண்டி எடுத்து அடுத்த வீட்டு முத்தத்துல கொண்டு போடும், அன்னைக்கு ஊருக்கே தெரியும். இன்னும் சிலபேரு பைக்ல போற போக்குல சானல்ல வீசுறான். பேச்சிப்பாறைத் தண்ணி நெல்லுக்கு வாற சானல் அது, கேட்டுக்கிடுங்க.

ஒழுங்கா குப்பை வண்டியில போடுறவங்க கதை? 2016-ல் வந்த திடக்கழிவு விதிகள்லயே டயப்பரைத் தனியா பொதிஞ்சு கொடுக்கணும், அதுக்கு உறையைத் தயாரிக்கிற கம்பெனியே கொடுக்கணும்னு எழுதியிருக்கு. எத்தனை பேரு உறையைப் பாத்தீங்க? கையெழுத்து போட்டுச் சொல்லுங்க. நாகர்கோவில் குப்பை வருசக்கணக்கா போய்ச் சேர்ந்த இடம் வலம்புரிவிளை. அங்க குப்பை தீப்பிடிச்சு ஊரே புகையில மூடின செய்தி எத்தனை தடவை பேப்பர்ல வந்துருக்கு. அந்தப் புகையில நம்ம வீட்டுக் கழிவும் உண்டு.

இதை ஏன் இழுக்கேன்னா, "தூக்கிப்போடுறது"ன்னு ஒண்ணு கிடையாது. நாம தொவைக்காத துணியை வேற யாரோ கையால பிரிக்கிறாங்க. அவ்வளவுதான் வித்தியாசம்.

துணின்னா எந்தத் துணி?

துணி டயப்பர் ஒண்ணும் வெளிநாட்டுக் கண்டுபிடிப்பு இல்ல. நம்ம பாட்டா கட்டின கோமணத்துக்கு அண்ணன் தம்பி முறைதான். அதுல இல்லாம இருந்தது ஈரம் வெளிய வராம தடுக்கிற மேலுறை. அமெரிக்காவுல மேரியன் டோனவன்னு ஒரு அம்மா, 1946-ல பாத்ரூம் திரையை வெட்டி குழந்தைக்கு ஒரு மேலுறை தச்சாங்க, 1951-ல காப்புரிமையும் வாங்கினாங்க. இப்ப விக்கிற எல்லா துணி டயப்பரும் அந்த யோசனையோட பேரப்பிள்ளைகள்தான்: உள்ள உறிஞ்சுற துணி, வெளிய தடுக்குற உறை. இப்ப அந்த உறைக்கு பி.யு.எல். அப்படின்னு ஒரு துணி வருது. ஒருபக்கம் மெல்லிய படலம் ஒட்டின பாலியஸ்டர். தண்ணி வெளிய வராது, ரப்பர் மாதிரி புழுங்காது.

கடையில கிடைக்கிறதை மூணு வகையாப் பிரிக்கலாம்.

1. உறை தனி, உள்துணி தனி. உறையில ஈரம் பட்டாத்தான் தொவைக்கணும், இல்லைன்னா உள்துணியை மட்டும் மாத்தலாம். நாலஞ்சு உறை போதும்.

2. பை வகை. உறைக்குள்ள ஒரு பை இருக்கும், அதுக்குள்ள உள்துணியைச் சொருகணும். மாத்துறப்ப மொத்தத்தையும் மாத்தணும். தொவைக்க முன்னால நனைஞ்ச துணியை உருவி எடுக்கணும், அது ஒரு தண்டனை.

3. எல்லாம் சேத்துத் தச்சது. மாட்டுறதுக்கு சுகம், கடைத் டயப்பர் மாதிரியே இருக்கும். ஆனா உணங்காது. மழைக்காலத்துல ரெண்டு நாள் ஆனாலும் நடுவுல ஈரம் நிக்கும், அப்புறம் நாத்தம்.

என் ஓட்டு முதல் வகைக்கு. காரணம் நம்ம ஊர் மழை. அதைத் தனியா சொல்றேன்.

உள்துணிக்கு என்ன? புதுத்துணியை விட பழைய பருத்தி வேட்டி மேல். புதுசுல கஞ்சிப்பசையும், பஞ்சோட எண்ணெயும் இருக்கும், தண்ணியை உடனே குடிக்காது. அஞ்சாறு தடவை சூடு தண்ணியில தொவைச்சப்புறம்தான் குடிக்க ஆரம்பிக்கும். கடையில வாங்கின துணி டயப்பரை முதல் நாளே மாட்டிட்டு "ஒழுகுது, ஏமாத்திட்டான்"னு சொல்றவங்க இதைக் கவனிக்கணும். பழைய வேட்டியும் துவர்த்தும் ஏற்கெனவே நூறு தொவை கண்டது. அதை எட்டு பத்து அடுக்கு வர்ற மாதிரி நீளவாக்குல மடிச்சா ஒரு உள்துணி. ராத்திரிக்கு நடுவுல ஒரு டர்க்கி டவலை மடிச்சு வைக்கணும்.

இன்னொண்ணு. பருத்தி ஈரத்தைக் குடிக்கும், ஆனா தோலுக்கு ஈரமாவே தெரியும். கடைத் டயப்பர் அளவுக்கு மேல்பாகம் காய்ஞ்ச மாதிரி இருக்காது. அதுக்கு தோல் படுற இடத்துல மெல்லிசா ஒரு பிளீஸ் துணி, அதான் ஸ்வெட்டருக்குள்ள மெத்துன்னு வருமே அது, ஒரு துண்டு வெட்டிப் போட்டா ஈரம் கீழ இறங்கிரும். மலம் ஆனாலும் அந்தத் துண்டை மட்டும் எடுத்து உதறிடலாம்.

வாங்குறப்ப பாக்க வேண்டியது:

- அளவு. பேன்ட் சைசைச் சொல்லி வாங்கக்கூடாது. இடுப்பும், பின்பக்கம் அகலமான இடமும் அளந்து எது கூடுதலோ அதை எடுக்கணும். தொடை சுத்தளவும் வேணும். படுக்கையில மெலிஞ்ச ஆளுக்கு இடுப்பு சரியா இருந்தாலும் தொடையில இடைவெளி விழுந்து அதுவழியா ஒழுகும்.

- மாட்டுறது. நடக்கிற ஆளுக்கு ஜட்டி மாதிரி இழுத்துப் போடுறது கொள்ளாம். படுத்த ஆளுக்கு ரெண்டு பக்கமும் திறக்கணும். பிரஸ் பட்டன் உழைக்கும், ஆனா ஒருக்களிச்சுப் படுத்தா பட்டன் இடுப்பு எலும்புல குத்தும். ஒட்டுப்பட்டை சுலபம், ஆனா தொவைக்கிறப்ப மத்த துணியைப் பிடிச்சு நூலை உருவும், மறதி நோய் உள்ளவங்க கிழிச்சுப் போட்டுருவாங்க.

- ஈரம் எங்க சேருது. ஆம்பிளைக்கு முன்னால, பொம்பளைக்கு நடுவுல, மல்லாக்கப் படுத்தா யாருக்கும் பின்னால. அந்த இடத்துல அடுக்கைக் கூட்டணும். சும்மா முழுசும் தடியா வச்சா தொடை இடுக்குல புண்ணுதான் மிச்சம்.

- எலாஸ்டிக். விரலை விட்டா போகணும். கழட்டுறப்ப ஆழமா தடம் விழுந்தா அளவு சரியில்ல.

தையக்காரர் நல்ல ஆளா இருந்தா உறைத்துணியை வாங்கிக் கொடுத்துத் தச்சுக்கலாம். கட்டிலுக்கு ரப்பர் ஷீட் வேணும்தான், குலசேகரம் பக்கம் அம்புட்டு ரப்பர் தோட்டத்தை வச்சுக்கிட்டு அதுக்கு நாம பஞ்சப்பட வேண்டாம் :-) ஆனா அது மெத்தையைக் காப்பாத்த. தோல்ல நேரா படக்கூடாது, மேல கண்டிப்பா பருத்தித் துணி விரிக்கணும்.

ரெண்டு மழை உள்ள ஊரு

சென்னையில இருந்து துணி டயப்பர் பத்தி பேசுறவங்களுக்கும் நமக்கும் இங்கதான் வித்தியாசம். அங்க வருசத்துக்கு முக்கியமா ஒரு மழைதான். நமக்கு ஜூன்ல தென்மேற்கு தொடங்கும், அது ஓஞ்சா அக்டோபர்ல வடகிழக்கு. வருசத்துல பாதி நாள் கொடியைப் பாத்து வானத்தைப் பாக்கணும்.

அதுவும் மாவட்டம் முழுக்க ஒண்ணு இல்ல. கன்னியாகுமரி, அகஸ்தீஸ்வரம் பக்கம் மழை கம்மி. ஆரல்வாய்மொழிக்காரங்களுக்கு கேக்கவே வேண்டாம், காத்தாடி சுத்துற அந்தக் காத்துல துணியைப் போட்டா அரை மணிக்கூர்ல உணங்கும், கிளிப்பு போடலைன்னா பணகுடியில போய்ப் பொறுக்கணும். ஆனா கல்குளம், விளவங்கோடு பக்கம் ரப்பர் மரத்தடியில வீடு இருக்கிறவங்க? ஆடி மாசம் பனியனே உணங்காது. பத்து அடுக்கு சேத்துத் தச்ச டயப்பர் எங்க உணங்க?

அதனாலதான் மடிக்கிற துணி. தொவைச்சு விரிச்சுப் போட்டா அது ஒத்தை அடுக்கு. வெயிலே இல்லாட்டியும் மின்விசிறிக்குக் கீழ ஒரு ராத்திரியில உணங்கிரும். நாளைக்கு ஆறு தடவை மாத்துறோம், உணங்க ரெண்டு நாள் ஆகும்னு வச்சா பதினெட்டு உள்துணி, ரெண்டு மூணு உபரி. மேற்குப் பக்கத்துக்காரங்க இன்னும் ஆறு கூட வச்சுக்கிடுங்க. அதுக்கும் மேல மழை விடலைன்னா அந்த வாரம் கடைத் டயப்பர். அதுல ஒரு கவுரவக் குறைச்சலும் இல்ல.

வெயில் அடிக்கிறப்ப விடக்கூடாது. கறையையும் நாத்தத்தையும் வெயில் மாதிரி எடுக்கிறது வேற ஒண்ணும் இல்ல. ஆனா வெயில் உள்துணிக்கு மட்டும். பி.யு.எல். உறையை நிழல்ல போடணும், இல்லைன்னா படலம் பொரிஞ்சு போகும்.

இங்கிலாந்துல குழந்தைகளோட டயப்பரை வச்சு 2008-ல அரசாங்கமே ஒரு ஆய்வு வெளியிட்டது. துணிதான் எப்பவும் பூமிக்கு நல்லதுன்னு அதுல சொல்லல. மிஷினை நிறைச்சுத் தொவைச்சு, கொடியில உணக்குனா துணிக்கு லாபம். மிஷின்லயே சூடு வச்சு உணக்கினா அந்த லாபம் போயிரும். 2023-ல திரும்பப் பாத்தப்ப பருவநிலை பாதிப்பு துணியில சுமார் கால்வாசி குறைவுன்னு வந்தது. ஆக மொத்தம் கொடியும் காத்தும்தான் விசயம். அது நம்மகிட்ட சும்மா கிடக்கு.

தொவைக்கிற முறை

சுருக்கமா சொல்லிருதேன். மலத்தை முதல்ல கக்கூஸ்ல உதறணும். குளத்துலயும் சானல்லயும் அலசவே கூடாது, அங்க ஆளுங்க குளிக்காங்க. நனைஞ்சதை மூடி உள்ள வாளியில போடணும், தண்ணியில ஊறப்போடாம. ஊறினா நாத்தமும் கூடும், எலாஸ்டிக்கும் போகும். நாளைக்கு ஒருதடவை தொவைக்கணும், சேத்து வைக்கக் கூடாது. முதல்ல பச்சைத் தண்ணியில ஒரு அலசு. அப்புறம் சோப்புத்தூள் போட்டு சூடுதண்ணியில. கடைசியா ரெண்டு அலசு, நுரை வராத வரைக்கும். சோப்பு தங்கினா தோல் அரிக்கும், துணியும் குடிக்காது. உறைக்கு சூடு அதிகம் கூடாது.

கம்ஃபோர்ட் மாதிரி மெத்துன்னு ஆக்குற திரவம் வேண்டாம், அது துணிமேல படிஞ்சு உறிஞ்சவிடாது. பிளீச்சிங் பவுடர் உறையைக் கெடுக்கும். தோலுக்குத் தேங்காண்ணையோ கிரீமோ தேய்க்கிறதா இருந்தா கொஞ்சமா, உள்ள இழுக்கிற அளவுக்கு. வழவழன்னு அப்பினா அதுவும் துணியில ஏறி அடைக்கும். பவுடர் கொட்டவே வேண்டாம், ஈரத்துல கட்டி பிடிச்சு உரசும். துணியை ரெண்டு, ரெண்டரை மணிக்கூருக்கு ஒருக்க தொட்டுப் பாக்கணும். கடைத் டயப்பர் மாதிரி நாலஞ்சு மணிக்கூர் விட முடியாது. பேதி, தொத்து வியாதின்னா அது முடியிற வரைக்கும் துணி வேண்டாம்.

யாரு தொவைக்க?

செரி, இப்ப மெயின் மேட்டருக்கு வருவோம்.

இந்தத் துணி சமாச்சாரத்தை "நம்ம பழைய முறை எவ்வளவு சிறப்பு பாத்தியா"ன்னு பெருமை பேசுறவங்க உண்டு. பழைய முறையில அந்தத் துணியைத் தொவைச்சது யாரு? பேறுகாலத் துணி, தீட்டுத் துணி, சாவு வீட்டுத் துணி எல்லாத்தையும் எடுத்துட்டுப் போக ஒரு சாதியை வச்சிருந்தோம். கூலிக்குப் பதிலா சோறு. அந்த வாழ்க்கை என்னன்னு தெரியணும்னா இமையத்தோட கோவேறு கழுதைகள் நாவலைப் படிங்க, 1994-ல வந்தது. படிச்சிட்டு அதுக்கப்புறம் பழைய முறைக்குப் பெருமைப்படுங்க பாப்போம்.

இப்ப அந்த வேலை வீட்டுக்குள்ள வந்திருச்சு. மகன் துபாய்ல, இல்ல மஸ்கட்ல. மருமக வீட்டுல. ஹோம் நர்ஸ் வச்சா மாசம் கட்டுபடி ஆகாது. மகன் யூடியூப்ல வீடியோ பாத்து, சுற்றுச்சூழல் பாசம் பொங்கி, ஆன்லைன்ல பத்து துணி டயப்பர் அனுப்பி விடுவான். பூமியைக் காப்பாத்துற பெருமை அவனுக்கு. வாளி மருமகளுக்கு. இதுல எனக்கு உடன்பாடு இல்ல.

எங்க வீட்டுல நாங்க போட்ட ஏற்பாடு இது. காலைல தொவை என் பொறுப்பு. சாயங்காலம் எடுத்து மடிக்கிறது அம்மாவும் மைனியும். அண்ணன் ஊருக்கு வாற அன்னைக்கு அவன் கை. அண்ணனால வர முடியாத மாசங்கள்ல, கடைத் டயப்பர் செலவு அவன்து. முதல்ல சொந்தக்காரங்க மூக்கைப் பிடிச்சாங்க. "ஆம்பிளை இதெல்லாம் தொடலாமா?" அப்பன் மூத்திரத்தை மகன் தொடாம பின்ன யாரு தொட? சின்ன வயசுல நம்ம மூத்திரத்தை அவங்க தொட்டது மட்டும் கணக்குல வராதா?

அதனால என்னோட சட்டம் எளிசு. துணியா கடையான்னு முடிவு பண்ற உரிமை தொவைக்கிற ஆளுக்கு மட்டும்தான். துட்டு கொடுக்கிறவனுக்கு இல்ல, அறிவுரை சொல்ல வாற சித்தப்பாவுக்கு இல்ல, பதிவு எழுதுற எனக்கும் இல்ல. தொவைக்கிற ஆளு "என்னால முடியாது"ன்னு சொன்னா அன்னைக்கே பேச்சு முடிஞ்சுது. வாஷிங் மிஷின் இல்லாத வீட்டுல, முதுகு வலியுள்ள ஒத்தை மனுசி பாத்துக்கிற வீட்டுல கடைத் டயப்பர்தான் நியாயம். அவங்களைப் பாத்து குப்பைக் கணக்கு பேச நமக்கு யோக்கியதை கிடையாது.

மாட்டிக்கிற ஆளு?

இதுவரைக்கும் பேசினதுல ஒரு ஆளை விட்டுட்டோம் பாத்தீங்களா? எப்பவும் அப்படித்தான் விடுவோம். அந்தத் துணி யாரு உடம்புல இருக்கோ அவரு.

2008-ல இங்கிலாந்துல மாண்டி ஃபேடர் என்ற ஆய்வாளரோட குழு பல வகைகளையும் நேரடியா பெரியவங்களுக்குக் கொடுத்துப் பாத்துது. துணி டயப்பர் பெரும்பாலான பொம்பளைகளுக்குப் பிடிக்கல. சில ஆம்பிளைகளுக்கு ராத்திரிக்கு அது பிடிச்சிருந்தது. ஒரே வகை எல்லாருக்கும், எல்லா நேரத்துக்கும் ஒத்து வராது, கலந்து வச்சுக்கிட்டா செலவும் குறையும் வேலையும் நடக்கும்னுதான் முடிவு. அவங்க பாத்தது டர்க்கித் துணியில செஞ்சது, அந்த ஊர் குளிரு வேற. இருந்தாலும் விசயம் விசயம்தான். ராத்திரிக்குக் கடைத் டயப்பர்னு மேல நான் சொன்னதும் சட்டம் இல்ல. உங்க வீட்டுப் பெரியவருக்கு ராத்திரி துணி சுகம்னா, மாத்த ஆளும் இருந்தா, துணியே கட்டுங்க. அவருகிட்ட கேளுங்க, அதான் முக்கியம்.

கேக்கறதுக்கும் ஒரு முறை இருக்கு. வந்த விருந்தாளி முன்னால "டயப்பர் மாத்தணும், எந்திரிங்க"ன்னு சொல்லக்கூடாது. கதவைச் சாத்தணும். போர்வையை முழுசா உருவக்கூடாது. எங்க அப்பா வேட்டி கட்டாம ஒருநாள் இருந்ததில்ல. அதனால உள்ள எது இருந்தாலும் மேல வேட்டி சுத்திடுவோம், கடைசி வரைக்கும். எண்பது வருசம் மரியாதையா இருந்த மனுசன், மூத்திரப்பை தளந்து போச்சுன்னு குழந்தையா ஆயிரல. "பாப்பா மாதிரி ஆயிட்டாரு"ன்னு கொஞ்சுறதைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும்.

ஊரு செய்ய வேண்டியது

ஜப்பான்ல 2024-ல ஓஜின்னு ஒரு பெரிய பேப்பர் கம்பெனி, உள்நாட்டுல குழந்தை டயப்பர் செய்யிறதையே நிறுத்திட்டு பெரியவங்க டயப்பர்ல கவனம் வைக்கப் போறோம்னு அறிவிச்சுது. குழந்தை இல்ல, கிழவங்க உண்டு. நாமளும் அந்த வழியிலதான் போறோம். 2011 கணக்கெடுப்புலயே தமிழ்நாட்டுல அறுபது தாண்டினவங்க நூத்துக்குப் பத்துப் பேருக்கு மேல. படிச்சு, பிள்ளையைக் குறைச்சு, இருக்கிற பிள்ளையையும் வெளிநாட்டுக்கு அனுப்பின நம்ம மாவட்டத்துல தெருவைச் சும்மா ஒருக்க நடந்து பாத்தாலே தெரியும்.

1956 நவம்பர் 1 வரைக்கும் நாம திருவிதாங்கூர்-கொச்சி. அந்தப்பக்கம் 1993-ல கோழிக்கோட்டுல வலி தணிப்புச் சிகிச்சைக்கு ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. 2008-ல கேரள அரசு அதுக்குன்னு தனிக்கொள்கையே கொண்டு வந்தது, இந்தியாவுலயே முதல்ல. பஞ்சாயத்து வழியா நர்ஸ் வீட்டுக்கு வாறாங்க. திருவனந்தபுரத்துல 2003-லேர்ந்து டாக்டர் ராஜகோபாலோட பாலியம் இந்தியா. தமிழ்நாட்டுலயும் 2021 ஆகஸ்ட் 5-ல மக்களைத் தேடி மருத்துவம் ஆரம்பிச்சப்ப படுக்கையில கிடக்கிறவங்களுக்கு வீட்டுக்கே வர்ற சேவையைச் சேத்தாங்க. நல்லது. அதோட இன்னும் ரெண்டு காரியம் சேரணும்னு கேக்கேன்.

ஒண்ணு, ஒவ்வொரு பஞ்சாயத்துலயும் மகளிர் குழுவை வச்சு இந்த உள்துணியையும் உறையையும் தைக்க வைக்கலாம். நம்ம ஊர்ல தையல் தெரியாத குழு கிடையாது. அளவெடுத்துத் தச்சுக் கொடுத்தா ஆன்லைன்ல அளவு தப்பா வாங்கித் திருப்பி அனுப்புற தொல்லை இல்ல. ரெண்டு, தொவைக்க ஒரு பொது ஏற்பாடு. கூலி, கையுறை, மிஷின், மரியாதை எல்லாத்தோடயும், எந்தச் சாதிக்காரங்க வேணா செய்யிற வேலையா. ரெண்டாவது நடக்காம முதலாவது மட்டும் நடந்தா, மருமக வாளி இன்னும் ஒண்ணு கூடும், அவ்வளவுதான்.

நீளமாயிருச்சு. உங்க வீட்டுல இந்தப் பாடு உண்டுன்னா என்ன செய்தீங்க, எந்தத் துணி சரிப்பட்டுச்சு, மழைக்கு என்ன வழி பண்ணீங்கன்னு பின்னூட்டத்துல எழுதுங்க. பேரு போட வெக்கமா இருந்தா அனானியா வாங்க, இந்த ஒரு பதிவுக்கு மட்டும் அனானிக்குக் கதவு திறந்திருக்கு :-)

டிஸ்கி: நான் டாக்டர் இல்ல. தோல் உரிஞ்சாலோ, காய்ச்சல் வந்தாலோ, மூத்திரத்துல ரத்தம் கண்டாலோ பதிவைப் படிச்சிட்டு இருக்காம ஆஸ்பத்திரிக்குப் போங்க.